ஒட்டுப் போடாத வயர்

போன மாதம் எங்கள் வீட்டுக்கு நெட் இணைப்புக் கொடுக்க வந்தவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துவிட்டார். தப்பு அவர் பேரில் இல்லை. எழுபதைத் தாண்டிய பொம்பளை ஒருத்தி, அவர் கொண்டுவந்த கேபிளின் நுனியை வாங்கி, மேல்தோலை உரித்து, உள்ளே இருந்த கம்பியைக் கடைவாயில் வைத்துக் கடித்தால் யாராக இருந்தாலும் ஓர் எட்டு பின்னால்தான் போவார்கள்.

குன்னூரில் எங்கள் வீடு பழைய கல் கட்டடம். நெட் பெட்டியை வாசல் அறையில் வைத்தால், நான் படுக்கும் பின்னறைக்கு வொய்ஃபை வந்து சேராது. நியூசிலாந்தில் இருக்கும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். "அம்மா, சாப்" என்பதோடு அவள் முகம் வாயைத் திறந்தபடி நின்றுவிடும். மிச்சத்தைக் கேட்க நான் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவேண்டும். அதனால் பின்னறை வரைக்கும் வயர் இழுத்துவிடச் சொல்லியிருந்தேன்.

வந்தவரிடம் வேறு வீட்டில் வேலை முடிந்து மிஞ்சிய துண்டுகள் இரண்டு இருந்தன.

"ரெண்டையும் ஒரு ஜாயின்டர் போட்டுச் சேத்துடலாங்கம்மா. ஒரு வித்தியாசமும் தெரியாது" என்றார்.

"ஒட்டு வேண்டாமுங்க. ஒரே வயரா போடுங்க. செவுத்துக்கு வெளியில போறதுக்குக் கறுப்புத் தோல் போட்ட வயரா இருக்கோணும். உள்ள சுத்தச் செம்பா இருக்கோணும்."

"இது கேட் சிக்ஸுங்கம்மா. நல்ல வயருதான்."

அப்போதுதான் வாங்கிக் கடித்தேன். மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கினேன். பட்டென்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் உள்ளே வெள்ளையாக இருந்தது. அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியிருந்தார்கள்.

"டெலிபோன் ஆபீஸ்ல இருந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"மளிகைக் கடையில இருந்தேன்" என்றேன். அவர் கடைக்குப் போய் முழுச் சுருளாக வேறு வயர் வாங்கிவந்தார்.

அவர் போனபிறகு எனக்கே சிரிப்பு வந்தது. பேசியது நானில்லை. கடித்ததும் நானில்லை. மஞ்சூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த ஒருவர் என் வாயில் புகுந்துகொண்டு இத்தனையும் செய்தார். அவரை எல்லோரும் வயர் என்றுதான் கூப்பிட்டார்கள். "வயரு வந்துட்டாப்ல", "வயரைக் கூப்பிடு" என்பார்கள். அவருக்கும் ஒரு பேர் உண்டு. அதை நான் ஒரே ஒரு தடவை, அதுவும் ரேடியோவில்தான் கேட்டேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

நான் அன்னூரில் இருந்து கல்யாணமாகி மஞ்சூர் மலைக்குப் போன புதிது. மாமியார் எஸ்டேட்டுக்குக் கீழே ரோட்டோரம் மளிகைக் கடை வைத்திருந்தார். வீட்டுக்காரருக்குக் குந்தாவில் மின்சார வேலை. மேலே எங்கோ அணைக்கட்டுக் காம்பில் தங்கிக்கொண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வரும்போது ஒரு மூட்டை அழுக்குத் துணி கொண்டுவருவார், போகும்போது துவைத்ததை எடுத்துப் போவார். மற்ற நாளெல்லாம் எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது அவர் கோயமுத்தூரில் வாங்கிக் கொடுத்த ரேடியோ ஒன்றுதான். மாமியார் பேசுவார். ஆனால் அது என்னோடு பேசுவதில்லை, என்னைப் பற்றிப் பேசுவது.

சிலோனில் இருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பஸ்ஸில் தகரப் பெட்டியும் பிள்ளைகளுமாக வந்து இறங்குவார்கள். இரண்டு அரசாங்கமும் சேர்ந்து, இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று பிரித்து அனுப்பியிருந்தன. ஒரே வீட்டில் அண்ணன் இந்த நாடு, தம்பி அந்த நாடு என்று ஆனதெல்லாம் உண்டு. எங்கள் எஸ்டேட்டுக்கு வந்தவர்களில் தனியாளாக வந்தவர் வயர் என்ற இவர் மட்டும்தான். ஐம்பதை நெருங்கிய வயது. தொழிலாளர்களின் வரிசை வீட்டை லயம் என்பார்கள்; மேல் லயத்தில் கடைசி அறையைக் கொடுத்தார்கள். அறை என்று அவர் சொல்லமாட்டார், காம்பரா என்பார்.

சிலோனில் அவர் தோட்டத்து டெலிபோன் வயரைப் பார்த்துக்கொண்டவர். ஃபேக்டரியில் இருந்து துரை பங்களாவுக்கு மலையைச் சுற்றிப் போகும் வயர். அறுந்தால் கண்டுபிடிப்பதும் கட்டுவதும் அவர் வேலை. இங்கே எஸ்டேட்டில் அப்படி ஒரு வேலையே இல்லை. அவர் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்துத் தேயிலைச் செடி வெட்ட அனுப்பிவிட்டார்கள். அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டாரே ஒழிய, கண் மட்டும் வயரை விட்டு நகரவில்லை. யார் வீட்டு வாசலைக் கடந்தாலும் துணி காயப்போட்ட கொடியைத் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் கணக்கப்பிள்ளை வீட்டில் நல்ல செம்புக் கம்பியில் போர்வை காய்வதைப் பார்த்துவிட்டு, ஏதோ செத்த வீட்டைப் பார்த்த மாதிரி நின்றிருக்கிறார். மறுநாள் ஒரு தேங்காய்க் கயிற்றைக் கொண்டுவந்து கட்டிக்கொடுத்துவிட்டுக் கம்பியைக் கழற்றிக்கொண்டு போனார். கணக்கப்பிள்ளையின் சம்சாரம் அதைப் பல நாள் எங்கள் கடையில் சொல்லிச் சிரித்தார்.

வயரைக் கடித்துப் பார்ப்பதும் அவர் பழக்கம்தான். "செம்புன்னா பல்லுக்கு எடம் கொடுக்கும், தங்கச்சி. இரும்பு கொடுக்காது. அலுமினியம் கூசும்" என்பார். என்னை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். நான் அண்ணா என்பேன்.

அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்று. வயரில் ஒட்டு. இரண்டு துண்டை முறுக்கிச் சேர்த்திருப்பதைக் கண்டால் முகம் மாறிவிடும். கீழ் லயத்தில் ஒரு கல்யாணம். மைக் செட்காரர் கொண்டுவந்த ஸ்பீக்கர் வயரில் நெடுக ஒட்டு. அன்றைக்குச் சாரல் வேறு. நாதஸ்வர ரெக்கார்டு கரகரவென்று இழுத்தது, நின்றது, மறுபடி கத்தியது. எல்லோரும் மைக் செட்காரரைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வயரைத் தடவிக்கொண்டே போய் எந்த ஒட்டு கெட்டது என்று கண்டுபிடித்தார். அதை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சாரலில் நின்றார். சத்தம் சீரானது. விட்டால் மறுபடி கரகரக்கும் என்பதால் தாலி கட்டி, சாப்பாடு முடியும்வரைக்கும் அங்கேயே நின்றார். பந்தியில் உட்காரச் சொல்லி அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் அங்கே நிற்பதே யாருக்கும் தெரியாது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இப்போது நினைத்தாலும் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டுக்கு லீவு. கடையில் கூட்டம் நெரியும். அன்று மத்தியானம் கொழும்பு ஸ்டேஷனில் வாழ்த்துப் படிப்பார்கள். இன்ன ஊரில் இருந்து இன்னார், இன்னாருக்குச் சொல்லும் வாழ்த்து என்று ஊரும் பேருமாக வரும். அப்புறம் ஒரு பாட்டு. சிலோனில் இருந்து வந்தவர்கள் அதைக் கேட்கக் கடை முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். இவர் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், உள்ளறை ரேடியோவின் பக்கமாகக் காதைத் திருப்பிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நிற்பார். பேர்கள் முடிந்து பாட்டு ஆரம்பித்ததும் போய்விடுவார். பாட்டில் அவருக்கு ஆசை இல்லை.

ஒருநாள் பேர் படித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் புகையிலை கேட்டுக் கத்தினார். இவர் சட்டென்று கையைத் தூக்கினார், சத்தம் போடாதே என்பதாக. கடையே சிரித்தது.

"என்ன வயரு, உன் பேரு வரப்போகுதாக்கும்?" என்று கேட்டார் புகையிலைக்காரர்.

இவர் கையை இறக்கிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரத்தில் ஒருநாள், கூட்டமில்லாத சாயங்காலமாகப் பார்த்து வந்தார். தோளில் இருந்த துண்டை அவிழ்த்து, உள்ளே இருந்ததைக் காட்டினார். பழைய டெலிபோனில் காதில் வைத்துக் கேட்கும் குமிழ். அங்கிருந்து வரும்போது கொண்டுவந்திருக்கிறார்.

"தங்கச்சி, ஒங்க ரேடியோவுக்குப் பின்னால ரெண்டு ஓட்ட இருக்கு. வேற ஸ்பீக்கர் மாட்டறதுக்குன்னு வெச்சிருக்காங்க. அதுலேர்ந்து என் காம்பராவுக்கு ஒரு வயர் இழுத்துக்கவா? எனக்கு அங்க கரண்ட் வேணாம். இதுக்குக் கரண்ட் இல்லாமலே கேக்கும்."

மாமியாருக்கு அதில் பெரிய சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்ப்பா, பாதிச் சத்தம் உன்ர ஊட்டுக்குப் போயிட்டா, இங்க பாதிதான இருக்கும்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா கேக்கறது சரிதான். ஸ்பீக்கர் மாட்டினா கொறையும். இது ஒரு காது மட்டும்தான். ஒரு ஆளு கூட நின்னு கேக்கற மாதிரி."

மாமியார் யோசித்துவிட்டு, நின்று கேட்பதானால் சரி என்றார்.

அதன்பிறகு வயருக்கு அலைந்தார். ஃபேக்டரியில் எரிந்துபோன மோட்டாரில் இருந்து எடுத்த மெல்லிய கம்பியை யாரோ சும்மாவே கொடுத்தார்கள். "குரல் பாதி வழியிலயே களைச்சுப் போகும்" என்று திருப்பிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் லைட்டுக்கு வாங்கி மிஞ்சிய நூல் சுற்றிய வயரைக் காட்டினேன். "நூல் பனியக் குடிக்கும்" என்றார். அலுமினியத்தைக் கையாலும் தொடவில்லை. கடைசியில் குன்னூர் மார்க்கெட்டில் வெலிங்டன் பட்டாளத்து ஏலச் சாமான் விற்கும் கடையில் ஒரு சுருள் கிடைத்தது. பட்டாளத்துக்காரர்கள் காட்டில் டெலிபோனுக்கு இழுக்கும் கறுப்பு வயர். செம்பும் இரும்பும் முறுக்கிச் சேர்ந்தது. அதைக் கடித்துப் பார்த்தபோதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன்.

இழுப்பதற்கு முன்னால் தூரத்தைக் கயிற்றால் அளந்தார். நேராக அளக்கவில்லை. வயர் எந்த மரத்தைச் சுற்றிப் போகுமோ அதே வழியில் கயிறும் போனது. மரத்துக்கு மரம் கொஞ்சம் தொய்வு விட்டார். சில்வர் ஓக் மரங்களில் சைக்கிள் டியூபை அறுத்து வளையமாகக் கட்டி, அதற்குள் வயரை விட்டார். காற்றில் மரம் ஆடினால் வயரும் கூட ஆடிக்கொள்ளும். எங்கள் ஜன்னலில் இருந்து அவர் காம்பரா வரைக்கும், தேயிலைக்கு மேலே, ஓர் இடத்திலும் வெட்டுப்படாமல் ஒரே வயர்.

முதல் ஞாயிறு கேட்டுவிட்டுக் கீழே வந்து, "பக்கத்துல நின்னு படிக்கற மாதிரி இருக்கு, தங்கச்சி" என்றார். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் இறங்கி வந்திருந்தார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாழ்த்து முடிந்து ரேடியோவை அணைத்துவிட்டேன். கடையைச் சாத்திவிட்டு மாமியார் படுத்திருந்தார். நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரேடியோவுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு முனகல். ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தேன். வண்டு இல்லை, அவர் குரல். நூல் மாதிரி மெலிசாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது.

"பவளம், இன்னைக்கும் வரல. பரவால்ல. கார்டு கொழும்புக்குப் போயிருக்கும். அங்க நெறைய கார்டு குமிஞ்சு கெடக்கும். அவங்களும் ஒண்ணொண்ணாத்தான படிக்கணும். எந்த ஊர்ல இருக்கேன்னு மட்டும் சொல்லிரு. மஸ்கெலியாவுக்குப் போட்ட காயிதம் எல்லாம் திரும்பி வந்துருச்சு. நானும் மொதல்ல எறக்கிவிட்ட கூடலூர்ல இருந்து இங்கிட்டு வந்துட்டேன். ஒனக்கும் தெரியாது."

மறுபடி பேசினார்.

"இங்க காலையில புல்லெல்லாம் வெள்ளையா இருக்கு. அங்க நம்ம லயத்துல இவ்வளவு குளிர் இல்ல, என்ன?"

காதில் வைக்கும் குமிழுக்குள்ளும் ஸ்பீக்கருக்குள்ளும் இருப்பது ஒரே மாதிரிக் காந்தம்தான் என்று பின்னால் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்தப் பக்கம் வாயை வைத்துப் பேசினால் இந்தப் பக்கம் லேசாகக் கேட்கும். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

அப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக் கேட்டுத்தான் அவர் கதை எனக்குத் தெரியவந்தது. சம்சாரம் அங்கேயே இறந்துவிட்டார். ஒரே மகள் பவளம். அவள் கட்டிக்கொண்ட வீட்டுக்கு அந்த நாட்டுப் பிரஜை என்று எழுதிவிட்டார்கள். இவருக்கு இந்தியா. தலைமன்னாருக்கு ரயில் ஏறும்போது அவள் சொல்லியிருக்கிறாள், கடுதாசி போகாவிட்டாலும் ரேடியோவுக்கு எழுதிப் போடுகிறேன், நீங்கள் எங்கிருந்தாலும் வாழ்த்துப் படிக்கும்போது கேளுங்கள் என்று. அதற்குப் பிறகு அங்கே பஞ்சம் வந்து, தோட்டங்கள் கைமாறி, ஆட்கள் நாலா பக்கமும் போய்விட்டார்கள். இவருக்குப் பிறந்தநாள் எது என்று இவருக்கே தெரியாது. ஆகவே அவள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வாழ்த்துச் சொல்லலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விட முடியாது.

மகளிடம் அவர் பெரிதாக ஒன்றும் பேசமாட்டார். கத்தி பட்டு விரல் காயமானது, பக்கத்துக் காம்பராவில் கோழி அடைகாப்பது, ரொட்டிக்கு இங்கே நல்ல மாவு கிடைக்காதது, இவைதான். ஒருநாள், "கையில இது இருந்தா நல்லது, பவளம். தனியாப் பேசறவனைப் பைத்தியம்பாங்க. டெலிபோன்ல பேசறவனை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். நான் அன்று அழுதேன். அவருக்காக மட்டும் அழுதேன் என்று சொல்லமுடியாது. எனக்கும் அந்த மலையில் யாரும் இல்லை. வாரம் முழுக்க அந்த ஒரு குரலுக்காகத்தான் நானும் காத்திருந்தேன்.

மாமியாருக்கு ஞாயிறு மத்தியானம் திருச்சி ஸ்டேஷன் கேட்கவேண்டும். நான் திருகு இறுகிவிட்டது என்றேன், மழையில் திருச்சி எடுக்காது என்றேன், ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்று சொன்னேன். "இந்த அம்மிணிக்குச் சிலோன்ல யாரோ ஒறம்பற சொந்தம் இருக்காங்காட்டம் இருக்குது" என்று மாமியார் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மழைக்கு முன்னால் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களின் கிளைகளைக் கழித்தார்கள். தேயிலைக்கு வெயில் படவேண்டும் என்பதற்காகச் செய்வது. அவர் இருந்த தோட்டத்தில் அது வேறு மாதத்தில் நடக்குமாம். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, அதற்குள் வயரை அவிழ்த்துச் சுருட்டிவிடலாம் என்றிருந்திருக்கிறார். அவர் வேறு மலையில் செடி வெட்டிக்கொண்டிருந்த நாளில் இந்த மலையில் மரம் ஏறிவிட்டார்கள். ஒரு பெரிய கிளை வயர்மேல் விழுந்தது. சாயங்காலம் வந்து பார்த்தபோது வயர் நடுவில் அறுந்து, இரண்டு நுனியும் தேயிலைக்குள் கிடந்தன.

கடைக்கு வந்தார். சாமான் எதுவும் கேட்கவில்லை.

"ரெண்டு நுனியையும் முறுக்கி உட்டா ஆச்சுல்லீங்ணா?" என்றேன்.

"வேணாம், தங்கச்சி. ஒட்டுல பனி ஏறும். சரியா பேரு படிக்கிற நேரம் பார்த்துக் கரகரன்னு இழுத்துட்டா என்ன செய்வேன்? ஒரு தடவைதான் படிப்பாங்க. திருப்பிப் படிக்கமாட்டாங்க."

"அப்ப ஞாயித்துக்கெழம இங்க வந்து உள்ள உக்காந்து கேளுங்ணா."

"ஒங்க ஊட்டுக்காரரு இல்லாத ஊட்டுக்குள்ள நான் வந்து உக்காரக் கூடாது. சனங்க ஒண்ணு சொல்லும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கடையில நிக்கவும் கூச்சமா இருக்கு" என்றார்.

குன்னூருக்குப் போய் இன்னொரு முழுச் சுருள் வாங்கிவருவது என்று முடிவு செய்தார். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. ஒரு ஞாயிறு வயர் இல்லாமல் போனது. அன்று வாழ்த்தில் பவளம் என்ற பேர் இல்லை. திங்கட்கிழமை கடைப்பக்கம் அவர் தலை தெரிந்ததும், இல்லை என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியக் கூடாது அல்லவா.

இரண்டாவது ஞாயிறு மழை பெய்து கொட்டியது. கடையில் ஆளே இல்லை. ரேடியோ பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். பாதி பேர் படித்தபிறகு, வாழ்த்துப் படிக்கும் அம்மாளின் குரல் சொன்னது: முன்பு மஸ்கெலியாவில் இருந்து, இப்போது வவுனியாவில் வசிக்கும் பவளம், இந்தியா சென்ற தன் அன்புத் தந்தைக்கு. அப்புறம் ஒரு பேர் சொன்னார்கள். எங்கிருந்தாலும் நலமாக வாழ வாழ்த்துகிறார் என்று முடித்து அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள்.

அவ்வளவுதான். அதற்கு ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

சாக்கு ஒன்றைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "இந்த மழையில எங்கம்மிணி போற?" என்று மாமியார் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வவுனியா, வவுனியா என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். அந்த ஊர்ப் பேரை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. மறந்துவிட்டால் அவருக்கு அது போயே போய்விடும்.

அவர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். குமிழ் ஆணியில் தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"படிச்சுட்டாங்க, அண்ணா" என்றேன். "பவளம் இப்ப வவுனியாவுல இருக்குதாம்."

அவர் பக்கத்தில் இருந்த சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வவுனியா" என்றார் கடைசியில். "வவுனியான்னுதான சொன்னாங்க?"

"ஆமாங்ணா."

"என் பேரு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க?"

ரேடியோவில் சொன்னமாதிரியே, அதே நிதானத்தோடு சொன்னேன். அன்புத் தந்தை என்று சொல்லி, அந்தப் பேரையும் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெளியே தகரத்தில் மழை இரைந்தது. பிறகு துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பவளம்னு எனக்கு ஒரு மக இருக்கான்னு நான் ஒங்ககிட்ட சொன்னதில்லையே, தங்கச்சி."

எனக்கு மறைக்கத் தோன்றவில்லை.

"அந்தக் குமிழ்ல பேசுனா எங்க ஸ்பீக்கர்ல கேக்குதுங்ணா. மெதுவாக் கேக்குது."

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அத்தன வருசம் டெலிபோன் வயர் பார்த்தவனுக்கு அது தெரியாதா?"

"அப்பறம் ஏனுங்ணா அதுல பேசுனீங்க?"

அவர் ஆணியில் தொங்கிய குமிழைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அங்கிட்டு யாராவது இருந்தா இருக்கட்டுமேன்னுதான்."

வவுனியாவுக்குக் கடுதாசியை நான்தான் எழுதினேன். எந்தத் தெரு, யார் வீடு என்று ஒன்றும் தெரியாமல், மஸ்கெலியாவில் இருந்து வந்த பவளம் என்று மட்டும் போட்டு அனுப்பினோம். எப்படியோ போய்ச் சேர்ந்து பதிலும் வந்தது. அப்புறம் பல வருஷம் கடுதாசி போக்குவரத்து இருந்தது. நேரில் பார்த்துக்கொண்டார்களா என்றால், இல்லை. அங்கே சண்டை வந்து கடிதமும் நின்றது. அவர் அதே மேல் லயத்தில், அதே காம்பராவில்தான் இறந்துபோனார். அப்போது நாங்கள் குன்னூருக்கு வந்துவிட்டோம். எனக்குத் தெரியவந்தது காரியமெல்லாம் முடிந்தபிறகுதான்.

எனக்கு அவர் நினைப்பு வந்தால் இதெல்லாம் முன்னால் வருவதில்லை. அந்த மழைக்கு மறுநாள் மத்தியானம்தான் வரும். பஸ் இன்னும் ஓடவில்லை. குன்னூரில் இருந்து முழு வயர் வர வழியில்லை. மழையால் எஸ்டேட்டில் வேலையும் இல்லை. ரேடியோவை நான் போடவே இல்லை. கரகரவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்த் துணியில் காதை வைத்தேன்.

"தங்கச்சி, இருக்கீங்களா?"

பவளத்தை அல்ல, என்னைத்தான் கூப்பிட்டார். வாயைத் துணிக்குப் பக்கத்தில் வைத்து, இருக்கிறேன் என்றேன்.

"ஒட்டுப் போட்டிருக்கேன். கரகரங்குதா?"

"கரகரங்குதுங்ணா."

"சொல்றது வெளங்குதா?"

"வெளங்குதுங்" என்று ஆரம்பித்து நிறுத்தினேன். அந்த மலையில் அவரை வயர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் பேர் எனக்கு நேற்றுத்தான் தெரியும். அதை முன்னால் சேர்த்து, அண்ணா என்று கூப்பிட்டு, நல்லா விளங்குகிறது என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் ஒட்டு கரகரப்பது மட்டும் கேட்டது. பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.